மோட்டார் எஞ்சினுக்கு மிகைக்காற்று ஊட்டுதல்: பெல்ட்டும் அமுக்க விகிதமும்

மோட்டார் வண்டியின் எஞ்சினைப் பெட்ரோல் குடித்து உழைக்கும் பிராணியென்றே பலரும் எண்ணுவர். அஃது ஒருவாறு உண்மையேயாயினும், நிறுத்துப் பார்ப்போமாயின், அப்பிராணியின் ஆகாரத்திற் பெரும்பங்கு காற்றேயென்பது விளங்கும். ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிதற்கு அதனினும் ஏறக்குறைய 14.7 மடங்கு நிறையுள்ள காற்று வேண்டும். பெட்ரோலை வேண்டுமளவு பீச்சுதல் ஒரு சிறு பம்பினால் இயலும். காற்றை வேண்டுமளவு உட்புகுத்துதலே அரிது. பிஸ்டன் கீழிறங்குங்கால் சிலிண்டருள் உண்டாகும் வெற்றிடத்தை நிரப்பக் காற்று தன் சொந்த அழுத்தத்தினாலேயே ஓடிவருதல் வேண்டும். எஞ்சின் நிமிஷத்திற்கு 6500 சுற்று சுழலும்போது காற்று வால்வு திறந்திருக்கும் நேரமோ ஒரு நொடியில் நூற்றிலொரு கூறினும் குறைவு. ஆகவே, காற்றை முன்னரே ஒரு கருவியால் நெருக்கி உட்செலுத்தினால் என்னவென்னும் எண்ணம் எஞ்சின் தோன்றிய நாளிலேயே எழுந்துவிட்டது. அக்கருவியே சூப்பர்சார்ஜர் எனப்படும்.

சாலையிற் செல்லும் ஒரு சாதாரண வண்டிக்கு அதனைப் பொருத்த விரும்புவோன் முன் இரண்டு வினாக்கள் நிற்கின்றன. ஒன்று, கருவியை எஞ்சினின் வேகத்திற்கு எத்துணை மடங்கு வேகத்திற் சுழற்றுவது, அதற்கு எத்தகைய பெல்ட்டு வேண்டும் என்பது. மற்றொன்று, சிலிண்டரின் அமுக்க விகிதத்தை உள்ளவாறே விடுவதா, குறைப்பதா என்பது. இவற்றைத் தனித்தனியே தீர்க்கலாமென்று கருதுவோர் பலர். ஒன்றின் விடையே மற்றொன்றின் கணக்கிற்கு முதலாதலின், அவ்வாறு தீர்த்தோரின் பிஸ்டன்கள் துளைபட்டுப் போவது வியப்பன்று.

வரலாற்றைச் சிறிது நோக்குவோம். அமெரிக்காவில் இந்தியானா நாட்டுக் கானர்ஸ்வில் என்னும் ஊரினரான ரூட்ஸ் சகோதரர், இரண்டு சுழல் மடல்களையுடைய ஒரு காற்றூதிக்கு 1860-இல் உரிமைச் சாசனம் பெற்றனர். அது மோட்டார் வண்டிக்கென அமைந்ததன்று. அக்காலத்தில் மோட்டார் வண்டியே இல்லை. ஜெர்மனியிற் காட்லீப் டைம்லர், எஞ்சினுக்குக் காற்றை நெருக்கி ஊட்டும் முறைக்கு 1885-இல் சாசனம் பெற்றார். 1923-இல் மான்ஸாவில் நடந்த இத்தாலியப் பெரும்பந்தயத்தில் பியட் வண்டி வென்றதே சூப்பர்சார்ஜர் பூண்ட வண்டி ஒரு பெரும்பந்தயத்தில் அடைந்த முதல் வெற்றி. 1929-இல் வெளிவந்த நாலரை லிட்டர் பெண்ட்லி வண்டியைப் பலரும் படத்திற் கண்டிருப்பர். அதன் ஊதி ரேடியேட்டருக்கு முன்னே நீண்டு, வளைதண்டின் முனையிலேயே நேரே கோக்கப்பட்டிருந்தது. அவ்வண்டிக்குத் தம் பெயரை ஈந்த டபிள்யூ. ஓ. பெண்ட்லியே அக்கருவியை விரும்பவில்லையென்பது வேடிக்கையானதொரு செய்தி.

பெண்ட்லியின் ஊதிக்குப் பெல்ட்டு இல்லை. ஆதலின் விகிதத்தை மாற்றும் சுதந்தரமும் இல்லை. அச்சுதந்தரத்தைப் பெரிதும் பரப்பியோர் இரண்டாம் உலகப் போருக்குப் பிற்பட்ட கலிபோர்னியா இளைஞரே. ஜெனரல் மோட்டார்ஸ் 1938 முதல் செய்துவந்த இரண்டடி டீசல் எஞ்சின்களில், எரிந்த புகையை வெளியே தள்ளுதற்கு ரூட்ஸ் ஊதி இன்றியமையாததாயிருந்தது. சிலிண்டரொன்றுக்கு 71 கன அங்குலமாக ஆறு சிலிண்டருடைய எஞ்சினின் ஊதியே 6–71 என்று பெயர்பெற்றது. பழைய லாரிகளினின்றும் இவ்வூதிகளைக் கழற்றி, போர்டு எஞ்சினின் தலைமேல் அமர்த்திப் பெல்ட்டாற் சுழற்றினர். பார்னி நவாரோ என்பவர் 3–71 ஊதியொன்றை ஆப்பு வடிவப் பெல்ட்டுகளால் ஓட்டியது அம்முயற்சிகளுள் முந்தியவற்றைச் சேர்ந்தது. கைக்கு எட்டிய புல்லியை மாட்டினால் கைக்கு எட்டிய பலம் வரும் என்னும் நம்பிக்கையும் அவர்கள் காலத்திலிருந்தே வந்ததாகல் வேண்டும்.

நிற்க. கருவிகளின் வகையை ஈண்டு விரிப்பதற்கில்லை. ரூட்ஸ் முதலியன, சுற்றொன்றுக்கு இவ்வளவு காற்றென்று அளந்து தள்ளுவன. மெதுவாய்ச் சுழலும்போதும் அழுத்தம் தருவன. மையம் விட்டோடும் விசையால் இயங்கும் வகையோ விசிறியினத்தைச் சேர்ந்தது. அதன் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப உயர்வது. 1957-இல் வந்த ஸ்டூடிபேக்கர் கோல்டன் ஹாக் வண்டியில் இவ்வகை ஊதியொன்று பெல்ட்டால் ஓடி எஞ்சினுக்கு 275 குதிரைச்சக்தி அளித்தது. நகரத் தெருவில் நின்று நின்று செல்லும் வண்டிக்கு அளந்து தள்ளும் வகையே உகந்ததென்பது நம் கருத்து. ஆதலின் அதனையே எடுத்துக்கொண்டு கணக்கிடுவோம்.

உதாரணமாக, 1989-இல் வெளிவந்த மாஸ்டா எம்.எக்ஸ்–5 என்னும் சிறு வண்டியைக் கொள்வோம். அதன் எஞ்சின் 1597 கன சென்டிமீட்டர். அமுக்க விகிதம் 9.4க்கு 1, அமெரிக்காவில் விற்றதன் பலம் 116 குதிரைச்சக்தி. இதற்கு ஈட்டன் கம்பெனியாரின் எம்–45 என்னும் ரூட்ஸ் வகை ஊதியைப் பொருத்தியோர் அந்நாட்டிற் பலர். எம்–45 என்பதிலுள்ள எண், சுற்றொன்றுக்கு அது தள்ளும் கன அங்குலத்தைக் குறிப்பது. நம் அளவையில் 0.737 லிட்டர். வெளிக்காற்றின் உஷ்ணம் 30 டிகிரி சென்டிகிரேடு எனவும், சிலிண்டருக்கு முன் காற்றின் அழுத்தம் வாயுமண்டல அழுத்தத்திற்கு ஒன்றரை மடங்காதல் வேண்டுமெனவும் வைத்துக்கொள்வோம். அதாவது அழுத்தமானி ஏறக்குறைய 7 ராத்தல் காட்டும். தெருவண்டிக்கு இது மிதமான அளவு.

முதற்கண் உஷ்ணத்தைக் கணக்கிடுதல் வேண்டும். சைக்கிள் டயருக்குக் காற்றடிப்போர் பம்பின் அடி சுடுவதை அறிவர். காற்றை நெருக்கினால் அது சூடேறும். ரூட்ஸ் ஊதியோ காற்றை உள்ளே நெருக்காமல் வெளியேயுள்ள நெருக்கத்தினுள் தள்ளுவதாதலின் மற்ற வகைகளினும் மிகுதியாகச் சூடேற்றும். பழுதற்ற கருவியாயின் அழுத்தம் ஒன்றரை மடங்காகும்போது உஷ்ணம் 37 டிகிரி ஏறும். கருவியின் திறமை நூற்றுக்கு 60 எனக்கொண்டால் ஏற்றம் 62 டிகிரியாகும். ஆகவே 30 டிகிரியில் நுழைந்த காற்று 92 டிகிரியில் வெளிவருகின்றது. சூடேறிய காற்று விரிந்து இலேசாவதால், அழுத்தம் நூற்றுக்கு 50 கூடியும் காற்றின் செறிவு நூற்றுக்கு 25 அளவே கூடுகின்றது. இடையிற் குளிர்விக்கும் ரேடியேட்டராகிய இண்டர்கூலரை வைத்து 50 டிகிரிக்கு இறக்குவோமாயின், செறிவு நூற்றுக்கு 41 கூடும். அழுத்தமானி இரண்டிடத்தும் ஒன்றையே காட்டும். சிலிண்டருள் புகும் காற்றோ வேறுவேறு. இதனை மாணவர் நன்கு மனத்திற் பதித்தல் வேண்டும். அழுத்தமானி காட்டுவது எஞ்சினுக்கு வெளியே தேங்கிநிற்கும் காற்றின் நெருக்கத்தையேயன்றி எஞ்சின் உண்ட காற்றையன்று. அது பற்றியே, அகலமான வால்வுகளும் தடையற்ற புகைக்குழாயும் அமைத்தபின், புல்லியை மாற்றாமலே பலம் ஏறியிருக்க, மானியின் முள் இறங்கி நிற்பதைக் கண்டு சிலர் திகைப்பர்.

இனி விகிதம். நான்கடி எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நிரம்புவதால், சுற்றொன்றுக்கு 0.8 லிட்டர் இடம் உண்டு. அதில் நூற்றுக்கு 90 நிரம்புவதாகவும், செறிவு 1.41 மடங்கெனவும் கொண்டால், வெளிக்காற்றின் அளவில் சுற்றொன்றுக்கு ஏறக்குறைய 1.01 லிட்டர் வேண்டும். ஊதியின் 0.737 லிட்டரில் இடுக்குகளின் வழியே திரும்பக் கசிவது போக நூற்றுக்கு 85 தேறுமாயின், கிடைப்பது 0.626 லிட்டர். முன்னதைப் பின்னதால் வகுக்க 1.62 வரும். அதாவது எஞ்சின் ஒரு சுற்றுச் சுழல ஊதி 1.62 சுற்றுச் சுழலுதல் வேண்டும். வளைதண்டின் புல்லி 130 மில்லிமீட்டர் குறுக்களவினதாயின், ஊதியின் புல்லி 80 மில்லிமீட்டராதல் வேண்டும். எஞ்சின் 6500 சுற்றில் ஓடும்போது ஊதி ஏறக்குறைய 10,500 சுற்றில் ஓடும். ஒவ்வோர் ஊதிக்கும் செய்தோர் வரையறுத்த உச்சவேகம் ஒன்றுண்டு. அதனோடு இவ்வெண்ணை ஒத்துப்பார்த்த பின்னரே புல்லி வாங்கக் கடைக்குச் செல்லத் தகும்.

ஊதியைச் சுழற்றும் செலவை யார் தருவர்? எஞ்சினே தருதல் வேண்டும். மேற்கூறிய அளவில், உச்சவேகத்தில் ஊதி ஏறக்குறைய 8 கிலோவாட்டு, அதாவது 10 அல்லது 11 குதிரைச்சக்தியைத் தான் விழுங்கும். 116 குதிரைச்சக்தியை 1.41-ஆற் பெருக்கி, இச்செலவைக் கழித்து, பின்னர்க் கூறப்போகும் பொறியின் பின்னடைவையும் கழித்தால், 150-ஐ ஒட்டிய பலம் கிடைக்கும். இண்டர்கூலர் இல்லையாயின் 130-ஐ ஒட்டி நிற்கும். விளம்பரங்களிற் காணும் எண்கள் பலவும் இக்கழித்தல்களைச் செய்யாதவை.

பெல்ட்டுக்கு வருவோம். 8 கிலோவாட்டை நொடிக்கு 44 மீட்டர் வேகத்தில் ஓடும் பெல்ட்டு சுமக்குமாயின், அதன் இறுக்கமான பக்கத்திற்கும் தளர்ந்த பக்கத்திற்குமுள்ள இழுப்பு வேறுபாடு ஏறக்குறைய 180 நியூட்டன். 18 கிலோகிராம் எடையைக் கட்டித் தொங்கவிட்டது போன்றது. இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அளந்து தள்ளும் ஊதியை ஒரே அழுத்தத்திற்கு எதிராகச் சுழற்ற வேண்டிய முறுக்கம், வேகம் எதுவாயினும் ஏறக்குறைய ஒன்றே. ஆதலின் 2500 சுற்றிற் காலை அழுத்தினாலும் பெல்ட்டின் இழுப்பு அவ்வளவே. மையம் விட்டோடும் வகையில் அவ்வாறன்று; அதில் இழுப்பு வேகத்தோடு ஏறிக்கொண்டே போய் உச்சியில் மிகும். எனவே, எந்த வேகத்தில் பெல்ட்டு வழுக்குகின்றதென்பதைக் கொண்டே காரணத்தை ஒருவாறு ஊகிக்கலாம்.

ஊதியின் புல்லியை 80 மில்லிமீட்டரினின்றும் 70 மில்லிமீட்டராகச் சுருக்குவோமாயின் என்ன நிகழும்? எட்டிலொரு பங்கு குறைத்தோம். பெல்ட்டின் பாரமும் எட்டிலொரு பங்கு கூடுமென்று எண்ணுவது இயல்பு. கணக்கோ வேறு சொல்லும். விகிதம் 1.86 ஆகின்றது, அழுத்தம் ஒன்றே முக்கால் மடங்கை ஒட்டுகின்றது, ஆகவே முறுக்கம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகின்றது. அம்முறுக்கத்தைக் கொடுக்கும் நெம்புகோலாகிய ஆரமோ 40 மில்லிமீட்டரினின்றும் 35-ஆகக் குறைந்துவிட்டது. இரண்டும் சேர இழுப்பு 180 நியூட்டனிலிருந்து 300-ஐ எட்டுகின்றது. ஊதியின் செலவு 17 குதிரைச்சக்திக்கு மேற்போகின்றது. அன்றியும், சிறிய புல்லியைப் பெல்ட்டு தழுவும் வில்லும் சுருங்கிவிடுகின்றது. நேற்றுவரை வழுக்காத பெல்ட்டு இன்று வழுக்குவதன் காரணம் இதுவே. மெக்கானிக் பெல்ட்டின்மேற் பழிபோட்டுப் புதிது மாட்டுவார். அதுவும் ஒருவாரத்தில் வழுக்கும்.

தழுவும் வில்லைப்பற்றி இன்னும் சிறிது கூறுதல் வேண்டும். புல்லியின்மேற் பட்டையின் பிடிப்பு, தழுவும் கோணம் கூடக்கூடப் பன்மடங்கு பெருகும் இயல்பினது. படகுத்துறையில் கயிற்றைத் தூணிற் சுற்றுவோர் ஒரு சுற்றுக்கும் இரண்டு சுற்றுக்குமுள்ள பேதத்தைக் கைப்பட அறிவர். இக்கால வண்டிகளில் வழங்கும் பலவரிப் பெல்ட்டில், 3.56 மில்லிமீட்டர் இடைவெளியில் 40 டிகிரி கோணமுடைய சிறு ஆப்புகள் வரிசையாய் அமைந்துள்ளன. ஆப்பு பள்ளத்தில் அழுந்துவதால் தட்டைப் பட்டையினும் ஏறக்குறைய மூன்று மடங்கு பிடிப்பு உண்டாகும். காகிதக் கணக்கில், உராய்வெண் 0.3 எனக்கொண்டால், அரைவட்டம் தழுவும்போது இறுகிய பக்கம் தளர்ந்த பக்கத்தைப்போல் 15 மடங்கு இழுக்கலாம். 120 டிகிரியில் 6 மடங்கு. 90 டிகிரியில் 4 மடங்கு. எண்ணெய்த் துளியும் மழைநீரும் இவ்வெண்களை மேலும் குறைத்துவிடும். எனவே, வழுக்கும் பெல்ட்டுக்கு முதல் மருந்து அதனை முறுக்கி இறுக்குவதன்று. ஊதிப் புல்லியின் அருகே ஒரு வெறும் புல்லியை அமைத்து, பெல்ட்டின் முதுகை உள்நோக்கித் தள்ளி, தழுவும் கோணத்தைப் பெருக்குவதேயாம். இரண்டாம் மருந்து வரிகளைக் கூட்டுவது. ஆறு வரிக்கு எட்டு வரி. அளவுமீறி இறுக்குவதால் கெடுவன ஊதியின் முன் பேரிங்கும், அதே பெல்ட்டு பல வண்டிகளிற் சுழற்றும் தண்ணீர்ப் பம்பின் பேரிங்கும், வளைதண்டின் மூக்குமேயாகும். நாம் உதாரணமாகக் கொண்ட வண்டியிலேயே 1991-இன் நடுப்பகுதிக்கு முன் செய்த எஞ்சின்களில் வளைதண்டின் மூக்குக் குட்டையாயிருந்தது; அதன் சாவிப்பள்ளம் தேய்ந்து புல்லி ஆடத்தொடங்குவது அவ்வண்டி வைத்திருப்போர் நன்கறிந்த நோய். அத்தகைய மூக்கின்மேல் புதிய பாரம் ஏற்றுமுன் அதனைத் திறந்து பார்த்தல் இன்றியமையாதது.

வேகத்தாலும் பெல்ட்டுக்கு ஓர் இழப்பு உண்டு. மீட்டருக்கு 100 கிராம் எடையுள்ள பெல்ட்டு நொடிக்கு 44 மீட்டர் ஓடும்போது, மையம் விட்டோடும் விசையால் அதன் இழுப்பில் ஏறக்குறைய 195 நியூட்டன் புல்லியை அழுத்தாமல் வீணாகின்றது. நின்றநிலையில் விரலால் தட்டிப்பார்த்து இறுக்கமாயிருக்கின்றதென்று திருப்தியடைந்த பெல்ட்டு, உச்சவேகத்தில் புல்லியின்மேல் மிதப்பதன் காரணம் இதுவே. ஆதலின் வளைதண்டின் புல்லியைப் பெரிதாக்கி விகிதத்தைக் கூட்டும் வழிக்கும் எல்லை உண்டு. சிறு புல்லியின் குறையைத் தவிர்க்கப்போய் வேகத்தின் குறையில் வீழ்வோம்.

பல்லுடைய பெல்ட்டைப் போட்டால் வழுக்கலே இல்லையே என்பார்க்குச் சொல்வது: ஆம், இல்லை. முற்கூறிய 6–71 ஊதி சுற்றொன்றுக்கு 411 கன அங்குலம் தள்ளுவது; அதனைப் பந்தயத்தில் ஓட்டுவோர் மூன்றங்குல அகலமுடைய பற்பெல்ட்டைப் பூட்டுவதற்குக் காரணம், அவ்வளவு பாரத்தை வேறெதுவும் தாங்காமையே. தெருவண்டிக்கோ அதன் ஊளையொலி ஒரு தொல்லை. புல்லிகள் மயிரிழையும் கோணாதிருத்தல் வேண்டுமென்பது மற்றொரு தொல்லை. இன்னும், திடீரென எஞ்சின் வேகம் மாறும்போது வரிப்பெல்ட்டு சிறிது வழுக்கி ஊதியைக் காக்கும். பற்பெல்ட்டு அவ்வதிர்ச்சியை அப்படியே தண்டிற்குக் கொண்டுபோகும். எட்டு வரிப் பெல்ட்டாற் சுமக்கவியலாத பாரத்தைத் தெருவண்டி ஏற்கத் தகாதென்பது நம் துணிபு.

இனி அமுக்க விகிதத்தை ஆராய்வோம். பிஸ்டன் அடியிலிருக்கும்போது சிலிண்டருள் இருக்கும் இடத்திற்கும், உச்சியிலிருக்கும்போது எஞ்சியுள்ள இடத்திற்கும் உள்ள தொடர்பே அது. விகிதம் உயர்ந்தால் அதே பெட்ரோலினின்றும் மிகுந்த வேலை பெறலாம். ஆனால் ஓர் எல்லைக்குமேல், பொறியினாற் பற்றிய தீ ஒழுங்காகப் பரவிக்கொண்டிருக்கும்போதே, மூலையில் இன்னும் எரியாதுள்ள கலவை உஷ்ணமும் அழுத்தமும் தாங்காது தானே ஒருங்கே வெடித்துவிடும். சம்மட்டியால் அடித்தாற்போல் ஓசை கேட்கும். இதனை வெடித்தட்டு என்று கூறுவோம். இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ, அமுக்க விகிதத்தை ஓடும்போதே மாற்றத்தக்க ஓர் எஞ்சினை அமைத்து, எந்த எண்ணெய் எந்த விகிதம்வரை தட்டாது ஓடுமென்று முதற் பெரும்போருக்குப் பிற்பட்ட ஆண்டுகளில் முறையாக ஆராய்ந்தார். அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி 1921-இல் ஈயச்சத்தைக் கலந்து தட்டலை அடக்கினார். அவ்வீயம் பெரும்பாலான நாடுகளில் முன்னரே விலக்கப்பட்டு, 2021-இல் அல்ஜீரியாவும் நிறுத்தியதோடு மோட்டார் வண்டிப் பெட்ரோலினின்றும் ஒழிந்தது.

காற்றை நெருக்கி ஊட்டினால் வெடித்தட்டு மிகும். ஆதலின் விகிதத்தைக் குறைத்தல் வேண்டும் என்பதே பொது வழக்கு. வண்டி செய்யும் கம்பெனிகளும் அவ்வாறே செய்துவந்தனர். போர்டு தண்டர்பேர்டு வண்டியின் 3.8 லிட்டர் எஞ்சின் 1989-இல் சூப்பர்சார்ஜர் இல்லாமல் 9.0, அஃதுடன் 8.2. ஜெனரல் மோட்டார்ஸின் 3800 வகை இரண்டாம் வரிசையில் 9.4-க்கு 8.5. 2002-ஐ ஒட்டி வந்த மினி கூப்பரில் 10.6 இருக்க, அதே 1.6 லிட்டர் எஞ்சின் எம்–45 ஊதி பூண்ட கூப்பர் எஸ் வண்டியில் 8.3. இவ்வெண்களைக் கண்டோர், நாமும் எஞ்சினைத் திறந்து விகிதத்தை ஒன்றிரண்டு குறைத்தே தீரவேண்டுமென்று முடிவுசெய்வர்.

மிதமான அழுத்தத்திற்கு அம்முடிவு பொருந்துமா என்பதைக் கணக்கிட்டே காணலாம். சுவரின் வழி இழக்கும் உஷ்ணத்தையும் பெட்ரோல் ஆவியாதலால் வரும் குளிர்ச்சியையும் தள்ளிவைத்து, அமுக்கத்தின் முடிவில் கலவை எவ்வளவு சூடாகுமென்று பார்ப்போம். ஊதி இல்லாத எஞ்சினில், 30 டிகிரிக் காற்று 9.4 விகிதத்தில் 469 டிகிரியை அடைகின்றது. ஊதி பூட்டி, குளிர்விக்காது 92 டிகிரியில் ஊட்டினால் 621 டிகிரி. இங்கே விகிதத்தை ஒன்று குறைத்து 8.4 ஆக்கினால் 582 டிகிரி. ஆதாயம் 39 டிகிரியே. விகிதத்தைத் தொடாது 9.4-ஆகவே விட்டு, இண்டர்கூலரால் 50 டிகிரிக்குக் குளிர்வித்து ஊட்டினாலோ 518 டிகிரி. ஆதாயம் 103 டிகிரி. எஞ்சினைப் பிரித்துப் பிஸ்டன் மாற்றும் பெருஞ்செலவினும், முன்னே ஒரு ரேடியேட்டரைக் கட்டும் சிறுசெலவு இரண்டரை மடங்கு குளிர்ச்சி தருகின்றது. அன்றியும் முன்னது பலத்தைக் குறைத்துத் தருவது; பின்னது காற்றின் செறிவைக் கூட்டித் தருவது.

விகிதத்தைக் குறைப்பதால் இழப்பது எவ்வளவென்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுதல் வேண்டும். இலட்சிய எஞ்சினின் திறமை 9.4-இல் நூற்றுக்கு 59.2, 8.4-இல் 57.3. ஆகவே பலத்தில் இழப்பு நூற்றுக்கு மூன்றை ஒட்டியதே. அழுத்தத்தை இன்னும் கால் வாயுமண்டலம் உயர்த்தினால் அவ்விழப்பைப் பன்மடங்காக ஈடுசெய்யலாம். கம்பெனிகள் விகிதத்தைக் குறைத்ததன் நியாயம் இதுவே. அவர்கள் உயர்ந்த அழுத்தத்தை நாடினர்; எந்த ஊர்ப் பெட்ரோலும் எந்த வெயிலும் தாங்குமாறு நூறாயிரம் வண்டிகளுக்குப் பிணையும் கொடுத்தனர். ஆனால் அவ்விழப்பு ஊதி வேலைசெய்யாது மெதுவாய்ச் செல்லும் நேரத்திலும் உண்டு. தெருவண்டி தன் வாழ்நாளிற் பெரும்பகுதியை அந்நிலையிலேயே கழிக்கின்றது. பெட்ரோலை நேரே சிலிண்டருட் பீச்சும் முறை வந்தபின், ஆவியாகும் குளிர்ச்சி சிலிண்டருள்ளேயே கிட்டுவதால், 2009-ஐ ஒட்டி வந்த ஆடி 3.0 லிட்டர் எஞ்சின் சூப்பர்சார்ஜருடனேயே 10.5 விகிதத்தில் ஓடிற்று.

ஆதலின் நம் தீர்ப்பு இது: அரை வாயுமண்டலம் வரையுள்ள மிகையழுத்தத்திற்கு, நல்ல இண்டர்கூலரும் உயர்ந்த ஆக்டேன் பெட்ரோலும் உளவாயின், 9.4 விகிதத்தைத் தொடவேண்டுவதில்லை. அதற்குமேற் போக விரும்பினாற் பிஸ்டன் மாற்றியே தீரவேண்டும்.

பிஸ்டன் என்று அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. சிலர் செலவைச் சுருக்கத் தடித்த காஸ்கெட்டைத் தலைக்கடியில் வைத்து விகிதத்தைக் குறைப்பர். நம் எஞ்சினின் சிலிண்டர் 78 மில்லிமீட்டர் குறுக்களவினது, 9.4-ஐ 8.4 ஆக்க 6.4 கன சென்டிமீட்டர் கூடுதல் இடம் வேண்டும். அதற்குக் காஸ்கெட்டு 1.3 மில்லிமீட்டர் தடித்தல் வேண்டும். தலையின் ஓரமும் பிஸ்டனின் ஓரமும் நெருங்கிக் கலவையை நடுவே பீச்சி விரைவில் எரியச்செய்வதற்காகச் செய்தோர் விட்ட மெல்லிய இடுக்கு அதனால் இரண்டு மில்லிமீட்டரை ஒட்டி அகன்றுவிடும். கலவை மந்தமாய் எரியும். மூலையிற் கிடப்பது நெடுநேரம் வேகும். எந்தத் தட்டலை நீக்கக் காஸ்கெட்டைத் தடித்தோமோ அத்தட்டலே திரும்பிவரும். தலையின்மேலுள்ள கேம் தண்டுகளும் உயர்ந்து அவற்றின் காலமும் சிறிது பிறழும். நடுவிற் குழிந்த பிஸ்டனோ ஓரத்தை நெருக்கமாகவே விட்டு நடுவில் இடங்கொடுப்பது.

அமுக்க விகிதத்தை அழுத்தத்தின் மடங்காற் பெருக்கி, 'பயன்படு விகிதம்' என்றோர் எண்ணைக் கூறும் பழக்கம் உண்டு. 9.4-ஐ 1.5-ஆற் பெருக்க 14.1. இவ்வெண் பயமுறுத்துவதற்கு உதவுமேயன்றித் தெளிவிப்பதற்கு உதவாது. ஏனெனில், 92 டிகிரிக் காற்றுக்கும் 50 டிகிரிக் காற்றுக்கும் அதில் வேறுபாடு இல்லை. மேலே கண்ட 103 டிகிரி அதன் கண்ணுக்குப் படுவதேயில்லை.

உஷ்ணம் 518 டிகிரியாகக் குறைந்தும், ஊதியில்லாத நிலையினும் அது 49 டிகிரி மிகுதியே. அழுத்தமோ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. எனவே பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளுதல் வேண்டும். மிகை அழுத்தத்தில் மட்டும் பின்தள்ளி, சாதாரண ஓட்டத்தில் உள்ளவாறே விடுவது சிறப்பு. பெட்ரோலும் காற்றுக்கேற்ப நூற்றுக்கு 40 கூடுதலாகக் கிடைத்தல் வேண்டும். பழைய பீச்சிகள் அவ்வளவு தாரா. பெட்ரோல் குன்றிய கலவை தட்டலுக்கு வாசலைத் திறந்துவைப்பதாம். பிஸ்டன் வளையங்களுக்கிடையேயுள்ள மெல்லிய மேடை உடைவதும் உச்சி துளைபடுவதும் பெரும்பாலும் இதனாலேயே. இந்தியாவில் முன்னர்ச் சாதாரணமாக விற்ற பெட்ரோல் 91 ஆராய்ச்சி ஆக்டேன் உடையதாயிருந்தது. அமெரிக்கர் 87 என்று குறிப்பது ஏறக்குறைய அதுவே. நாம் கணக்கிட்ட ஏற்பாடு அவர்கள் 91 அல்லது 93 என்று விற்கும் உயர்ந்த வகைக்கேயன்றி இதற்கன்று. மேலும் நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, செய்தோர் குறித்த அமைப்பினின்றும் வண்டியை மாற்றுவதைத் தடுக்கின்றது. ஆர்வமிக்க மாணவர் தகப்பனார் வண்டியின்மேற் கைவைக்குமுன் அதனைப் படித்துக்கொள்வாராக.

கடைசியாகச் சில சிறு செய்திகள். காலை எடுத்தவுடன் ஊதி தள்ளும் காற்று மூடிய வாயிலில் மோதிச் சூடேறாதவாறு அதனைத் திரும்ப முகப்பிற்கே விடும் சுற்றுவழி வால்வு ஒன்று அவசியம். அஃதிருப்பின் சாதாரண ஓட்டத்தில் ஊதி விழுங்கும் சக்தி மிகக் குறைவு. தானியங்கும் இறுக்கியைப் பெல்ட்டின் தளர்ந்த பக்கத்திலேயே வைத்தல் வேண்டும். இறுகிய பக்கத்தில் வைத்தால் பாரம் ஏறும்போது அது பின்வாங்கிப் பெல்ட்டைத் தளர்த்திவிடும். நெடுங்கோலொன்றைப் புல்லிகளின் முகத்தில் வைத்து யாவும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளல் நன்று. முதல் நூறு மைல் ஓடியபின் மூடியைத் திறந்து புல்லிகளின் அடியில் விரலால் தடவிப் பார்க்கலாம். கரியபொடி ஒட்டினால் பெல்ட்டு வழுக்குகின்றது அல்லது கோணியிருக்கின்றது. மானியின் முள் 4000 சுற்றில் 7 ராத்தல் காட்டி 6000-இல் 5-க்கு இறங்குமாயின், அதே காலநிலையில் புதுப் பெல்ட்டோடு ஒருமுறை ஓட்டிப்பார்த்த எண்களைக் குறித்துவைத்திருந்தாலன்றி, அது வழுக்கலா எஞ்சினின் இயல்பா என்று கூறவியலாது. ஆகவே அவ்வெண்களை முதல் நாளே எழுதிக்கொள்ளுதல் வேண்டும். 70 மில்லிமீட்டர்ப் புல்லியைப் பற்றிய பேச்சு அதன் பின்னரே.